ஆறும் ஆறும் பன்னிரண்டு அல்ல

ஸ்ரீ:
திருவள்ளூர்
18-1-1963

சிரஞ்சீவி பராசரனுக்கு, மன்னி அரவிந்தவல்லி ஆசீர்வாதம்.

திருப்பாச்சூரில் கமலவல்லி வீட்டுக் கல்யாணப் பந்தியில் நீ என்னைப் பற்றிப் பேசியது என் காதுக்கு வந்துவிட்டது. உன் அண்ணா போனபின் எனக்குச் சித்தம் கலங்கிவிட்டதாம். ஆரம்பாக்கம் அரிசி மில்லை மூடச் சொல்லி உனக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதுகிறேனாம். மில்லை என் கணவர் காலத்தோடு முடித்துவிட வேண்டும் என்பது என் எண்ணமாம்.

இவை எதுவும் உண்மை இல்லை. நான் மில்லை மூடச் சொல்லவில்லை. ஆயுத பூஜை முடிந்து நீ எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டேன். எனக்குப் பதில் எழுதாமல் நீ பந்தியில் உட்கார்ந்து பதில் சொல்லியிருக்கிறாய்.

கேள்வியை மறுபடி எழுதுகிறேன். பாய்லரின் தலையில் இருக்கும் சேஃப்டி வால்வைப் பன்னிரண்டு இரும்பு வளையங்களின் பாரம் அழுத்தி மூடியிருக்கிறது. உள்ளே ஆவி அளவை மீறினால் அது அந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே சீறும். பாரம் அதிகமானால் ஆவிக்கு அந்த வழி கிடையாது. வேறு வழி தேடும். இது உனக்குத் தெரியும் என்று நீ சொல்வாய்.

உன் அண்ணா காலத்து வளையங்கள் ஒவ்வொன்றும் இருபது பவுண்டு. ஒவ்வொன்றிலும் 20 என்று பொறித்திருக்கும். அவர் போன துக்கத்தில் மில் பூட்டிக் கிடந்தபோது ஆறு வளையங்கள் களவு போயின. நீ கும்மிடிப்பூண்டி வார்ப்புப் பட்டறையில் ஆறு புதியது வார்க்கச் சொன்னாய். அவற்றிலும் 20 என்றுதான் இருக்கிறது என்று பெருமையாக எழுதினாய்.

போன வருஷத்திலிருந்து பவுண்டும் வீசையும் போய்க் கிலோ வந்துவிட்டது. பட்டறைக்காரன் வார்த்த இருபது எந்த இருபது? பவுண்டா, கிலோவா?

மழைக்காலத்தில் நெல் வரத்து இல்லை. பாய்லர் பாதி நெருப்பில் ஓடியிருக்கும். இப்போது சம்பா அறுவடை. முழு நெருப்பு போடுவாய். அதனால்தான் கேட்கிறேன்.

தொடை எலும்பு கூடும்வரை எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இல்லாவிட்டால் நானே வந்து பார்த்திருப்பேன்.

அரவிந்தவல்லி


ஸ்ரீ:
ஆரம்பாக்கம்
22-1-1963

மன்னிக்குப் பராசரன் அநேக நமஸ்காரம். உபய க்ஷேமம்.

பந்தியில் நான் சிரித்துப் பேசியதை யாரோ சீரியஸாக்கி உங்களிடம் சேர்த்திருக்கிறார்கள். தப்பாக நினைக்க வேண்டாம். கான்வென்டில் படித்தவர்கள் வீட்டில் இருந்தால் இரும்புக்கும் இலக்கணம் கேட்பார்கள் என்றுதான் சொன்னேன்.

வளையத்தில் 20 என்று இருக்கிறது. இருபது இருபதுதானே மன்னி? ஆறு பழையது, ஆறு புதியது, மொத்தம் பன்னிரண்டு. அண்ணா காலத்திலும் பன்னிரண்டு. ஒன்றுகூட அதிகம் வைக்கவில்லை.

புதியவை கொஞ்சம் தடிமன்தான். நானும் அதைக் கவனித்தேன். ஃபயர்மேன் துளசிராமனைக் கேட்டேன். “சாமி, அது வெள்ளைக்காரன் இரும்பு, கெட்டி. இது இப்பத்து இரும்பு, சோப்ளாங்கி. அதான் தடியா ஊத்திக்கீறாங்க. இரும்புல கூட கலப்படம் சாமி” என்றான். அவன் சொன்னது எனக்கும் சரியாகவே பட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் வால்வு எப்போது பார்த்தாலும் சீறிக்கொண்டே இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? துளசிராமன் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்திருந்தான். புதிய வளையம் ஏறியபின் ஒரு சத்தம் இல்லை. “மாமியா போயி மருமவ வந்துட்டா சாமி, கம்முனு கீறா” என்கிறான். எரித்த உமிக்கு ஏற்ற ஆவி முழுவதும் இஞ்சினுக்குப் போகிறது. நெல் அவிகிற வேகத்தைப் பார்த்து எளாவூர்க்காரர்கள்கூட வண்டியை இங்கே திருப்புகிறார்கள்.

பிரஷர் கேஜ் பழுது பார்க்க மெட்ராஸ் போயிருக்கிறது. பொங்கல் லீவால் தாமதம், சீக்கிரம் வந்துவிடும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பராசரன்


ஸ்ரீ:
திருவள்ளூர்
25-1-1963

சி. பராசரனுக்கு, மன்னி ஆசீர்வாதம்.

இன்று தை அமாவாசை. குளத்தங்கரைக்குப் போகும் கூட்டத்தின் சத்தம் படுக்கைவரை கேட்கிறது. எனக்கு உன் கடிதத்தின் ஒரு வரிதான் கேட்டுக்கொண்டிருக்கிறது. வால்வு சத்தமே போடுவதில்லை என்று எழுதியிருக்கிறாய். முழு நெருப்பு, கேஜ் இல்லை, வால்வும் பேசவில்லை. அப்படியானால் உள்ளே எவ்வளவு ஆவி இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? உனக்குத் தெரியாது. துளசிராமனுக்குத் தெரியாது.

கான்வென்டைக் கேலி செய்தாய். பரவாயில்லை. அங்கே மதர் ஆக்னஸ் என்று ஒருத்தி இருந்தாள். சமன்பாட்டில் ஒத்த உறுப்புகளைத்தான் கூட்டலாம், ஒவ்வாததைக் கூட்டினால் கிடைப்பது விடை இல்லை என்பாள். கூட்டினவளை மறுபடி முதலிலிருந்து எழுத வைப்பாள். உன்னையும் முதலிலிருந்து எழுத வைக்கிறேன்.

பழைய வளையத்தை ப என்று வைத்துக்கொள். புதியதைக் க என்று வை. வால்வின் மேல் இருப்பது 6ப + 6க. இதைத்தான் நீ பன்னிரண்டு என்கிறாய். பன்னிரண்டு என்ன? பன்னிரண்டு ப-வா, பன்னிரண்டு க-வா? இரண்டும் இல்லை. ஆறு தேங்காயையும் ஆறு பலாப்பழத்தையும் தலையில் வைத்தவன் பன்னிரண்டு தேங்காய் சுமக்கிறேன் என்று சொல்ல முடியுமா?

முதலில் இரண்டையும் ஒரே இனமாக்க வேண்டும். பட்டறைக்காரன் கிலோவில் வார்த்திருந்தால் ஒரு க, 2.2 ப-வுக்குச் சமம். அப்படியானால் 6க என்பது 13.2ப. இப்போது கூட்டலாம். 6ப + 13.2ப = 19.2ப. அந்தப் பாய்லருக்கு அனுமதித்த பாரம் 12ப. அதற்கு மேல் ஏழு வளையத்துக்கும் அதிகமாக ஏற்றி வைத்திருக்கிறாய். அதன் தகடு உன் அண்ணா வாங்கும்போதே பழையது.

இனி எத்தனை புதியதை வைத்திருக்கலாம்? அதை x என்று வை.

6ப + 2.2xப = 12ப
2.2x = 12 − 6
2.2x = 6

x மூன்றுக்கும் குறைவு. வளையத்தை உடைத்து வைக்க முடியாது. ஆகவே இரண்டு. மற்ற நான்கு புதிய வளையங்களையும் இறக்கிவிடு.

என்னை நம்ப வேண்டாம். மூட்டை நிறுக்கும் தராசு மில்லில் இருக்கிறது. இறக்கிய புதியது ஒன்றை ஒரு தட்டிலும் பழையது இரண்டை மறு தட்டிலும் வை. உன் கண்ணாலேயே பார்.

என்னைக் கவனித்துக்கொள்ளும் சாராளின் புருஷன் தானியேல் உன் மில்லில் மூட்டை தூக்குகிறான். அவள் தினமும் என் காலைத் துடைத்துவிடுகிறாள். அவள் முகத்தைப் பார்க்கும்போது எனக்கு இந்தக் கணக்குதான் நினைவுக்கு வருகிறது.

அரவிந்தவல்லி


ஸ்ரீ:
ஆரம்பாக்கம்
1-2-1963

மன்னிக்குப் பராசரன் நமஸ்காரம்.

தராசு உங்கள் பக்கம். ஒப்புக்கொள்கிறேன். மேலே இருப்பதைத் தொடாமல், பட்டறையில் அதே அச்சில் வார்த்து மீந்திருந்த ஒரு வளையத்தை வாங்கிவந்து நிறுத்தேன். பழையது இரண்டை வைத்தும் தட்டு புதியதன் பக்கமே தாழ்ந்திருந்தது. பட்டறை நாயுடுவைக் கேட்டேன். “நைனா, இப்போ கவர்மெண்டு கிலோலதான் ஊத்தச் சொல்து. நீ இருபதுன்னே, நான் இருபது ஊத்தினேன். பவுண்டுன்னு சொன்னியா?” என்கிறார். நான் சொல்லவில்லைதான்.

நீங்கள் நான்கு இறக்கச் சொன்னீர்கள். நான்கு இறக்கிவிட்டேன். கவலை வேண்டாம்.

புதியது நான்கு அல்ல, பழையது நான்கு. காரணத்தைச் சொல்கிறேன், கோபிக்காமல் கேளுங்கள். புதியவை அடியில் இருக்கின்றன. அவற்றை எடுக்க நெருப்பை இழுத்துப் பாய்லரை ஆறவிட வேண்டும். களத்தில் நெல் மலையாகக் கிடக்கிறது. முற்றத்தில் வண்டிகள் நிற்கின்றன. பழையவை மேலே இருந்தன, ஓடுகிற பாய்லரிலேயே கொறடு போட்டு எடுத்துவிட்டோம். மேலும் புதிய ஆறும் ஆயுத பூஜையில் சந்தனமும் குங்குமமும் வைத்து ஏற்றினவை. பூஜை செய்து ஏற்றிய இரும்பை நடு அறுவடையில் இறக்கினால் ஆட்கள் கை வைக்கத் தயங்குகிறார்கள். துளசிராமன் முகத்துக்கு நேரே, “நான் எறக்க மாட்டேன் சாமி. மறு பூஜ வரட்டும்” என்று சொல்லிவிட்டான். எனக்கும் மனம் ஒப்பவில்லை என்பதை மறைக்கவில்லை.

பன்னிரண்டு எட்டாகிவிட்டது. மூன்றில் ஒரு பங்கு பாரம் குறைந்தது. இது போதாதா?

வால்வு இன்னும் சீறவில்லை. குறைத்த பின்னும் சீறாதது நல்லதுதான் என்று நினைக்கிறேன். கேஜ் இன்னும் வரவில்லை.

பராசரன்


ஸ்ரீ:
திருவள்ளூர்
4-2-1963

பராசரனுக்கு.

ஆசீர்வாதம் எழுதக் கை வரவில்லை. கணக்கை மட்டும் எழுதுகிறேன்.

இப்போது மேலே இருப்பது 2ப + 6க. அதாவது 2ப + 13.2ப. அதாவது 15.2ப. அனுமதித்தது 12ப. தராசில் உன் கண்ணால் பார்த்துவிட்டு, கடிதத்தில் மறுபடி எட்டு என்று எழுதுகிறாய். எட்டு என்பது எதன் எண்ணிக்கையும் இல்லை. மூன்றில் ஒரு பங்கு குறையவில்லை. கனமானதை வைத்துக்கொண்டு லேசானதை இறக்கியிருக்கிறாய்.

நன்றாகக் கவனி. மீதி இரண்டு பழையதையும் இறக்கினாலும் 6க அப்படியே நிற்கும். அது மட்டுமே 13.2ப. அதுவும் அதிகம். புதிய வளையங்களைத் தொடாமல் உனக்குத் தப்பிக்க வழியே கிடையாது.

பூஜையைப் பற்றி எழுதியிருந்தாய். நானும் பெருமாள் சந்நிதியில் வளர்ந்தவள்தான். சந்தனம் இட்டதால் இரும்பின் எடை குறையாது. சந்தனம் இட்டதை இறக்கினால் எந்தத் தெய்வமும் கோபித்துக்கொள்ளாது. ஆட்கள் தயங்கினால் இரண்டு மஞ்சள் கிழங்கு வைத்து, கற்பூரம் காட்டி, நீயே முதல் கை வைத்து இறக்கு. நீ கை வைத்தால் அவர்களும் வைப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தானியேல் சாராளைப் பார்க்க வந்தான். அவன் போனபின் அவள் என் அருகில் வந்து நின்றாள். என்ன என்று கேட்டேன்.

“பாய்லரு கட்டாண்ட நிக்கவே பேஜாரா கீதாம்மா. ஆணி அடிச்ச ஓரமெல்லாம் தண்ணி கசியுதாம். வெள்ள வெள்ளையா கோடு கோடா உப்பு படிஞ்சிகினு கீதாம். ‘இரும்பு அழுவுது சாரா’ன்றாரு.”

வேலைக்குப் போக வேண்டாம் என்று சொல்லேன் என்றேன்.

“நானு சொன்னா கேக்கற ஆளா? ‘எல்லாரும் நிக்கிறாங்க, நான் மட்டும் ஓடினா பொட்டப்பய இன்னுவானுங்க’ன்றாரு. நீங்க உங்க கொழுந்தனாரு கைல சொல்லுங்கம்மா. படிச்சவங்க சொன்னா கேப்பாரு.”

நான் சொல்லி நீ கேட்கவில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்?

தகடுகளை இணைக்கும் ஆணிகளின் ஓரத்தில் நீர் கசிவதை நீ எனக்கு எழுதவில்லை. பார்க்கவில்லையா, பார்த்தும் எழுதவில்லையா?

மெட்ராஸில் பாய்லர் இன்ஸ்பெக்டர் ஆபீசுக்கு இன்று எழுதிவிட்டேன். உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. அவர்கள் வரிசைப்படிதான் வருவார்கள். அவர்கள் வரும்வரை காத்திருக்காதே. இன்றே நெருப்பை இழு.

அரவிந்தவல்லி


ஸ்ரீ:
ஆரம்பாக்கம்
8-2-1963

மன்னிக்குப் பராசரன் நமஸ்காரம்.

இன்ஸ்பெக்டருக்கு எழுதியது எனக்கு வருத்தம்தான். ஆனால் உங்கள் இடத்தில் அண்ணா இருந்திருந்தால் அவரும் எழுதியிருப்பார்.

கசிவைப் பார்த்தேன். முதலில் வலது ஓரத்தில் மட்டும் இருந்தது. இப்போது இரண்டு ஓரத்திலும் இருக்கிறது. துளசிராமன் இப்போது மருமகள் கதை சொல்வதில்லை. உமி தள்ளிவிட்டுத் தள்ளிப் போய் நிற்கிறான். நேற்றுக் களத்தில் நெல் கிளறும் குப்பம்மாள், “ஏய்யா தொளசி, மருமவ ஏன்யா இப்படி உர்ருனு கீறா, பொறந்த ஊட்டுக்குப் போவணுமாமா?” என்று கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

இதை எழுதுகிற மேஜை பாய்லர் கொட்டகைக்கு அடுத்த அறையில்தான் இருக்கிறது, உங்களுக்குத் தெரியும். டம்ளரில் இருக்கும் தண்ணீர் நடுங்கிக்கொண்டே இருக்கிறது. இஞ்சின் ஓடுவதால் எப்போதுமே நடுங்குமா, இப்போதுதான் நடுங்குகிறதா என்று யோசித்துப் பார்க்கிறேன். முன்பு கவனித்ததில்லை.

நெருப்பை இன்றே இழுக்கச் சொன்னீர்கள். முடியவில்லை மன்னி. தொட்டிகள் இரண்டிலும் நெல் ஊறிக்கொண்டிருக்கிறது. அவிக்காமல் விட்டால் நாறிப்போகும், எல்லாம் குடியானவர்கள் நெல். ஊறினதை மட்டும் அவித்துவிடுகிறேன். புதிதாக ஒரு மூட்டைகூடத் தொட்டியில் கொட்டக் கூடாது என்று சொல்லிவிட்டேன். ஞாயிறோடு முடிந்துவிடும். திங்கள் காலை நெருப்பை இழுத்து, ஆறவிட்டு, நானே முதல் கை வைத்துப் புதியதை இறக்குகிறேன். மஞ்சளும் கற்பூரமும் வாங்கி வைத்துவிட்டேன்.

கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். நான்கு புதியதை இறக்குவது. இறக்கி வைத்த நான்கு பழையதை மறுபடி ஏற்றுவது. அப்போது இருப்பது:

6ப + 2க
= 6ப + 4.4ப
= 10.4ப

பன்னிரண்டுக்குக் கீழே. இந்தத் தடவை க-வை ப ஆக்கிய பிறகுதான் கூட்டினேன். சரிதானா என்று பார்த்து எழுதுங்கள்.

பந்தியில் உங்களைப் பற்றி நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. திருவள்ளூர் வரும்போது நேரில் சொல்கிறேன்.

பராசரன்


ஸ்ரீ:
திருவள்ளூர்
14-2-1963

சிரஞ்சீவி பராசரனுக்கு, மன்னி அநேக ஆசீர்வாதம்.

உன் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. கணக்கு சரி. ஒரு பிழையும் இல்லை. மதர் ஆக்னஸ் சரியான விடைக்குப் பக்கத்தில் எதுவும் எழுத மாட்டாள், பக்கத்தைத் திருப்பிவிடுவாள். நான் எழுதுகிறேன். நன்றாகச் செய்திருக்கிறாய்.

அன்றே தந்தி கொடுத்தேன். “கணக்கு சரி, இறக்கியாயிற்றா” என்று கேட்டிருந்தேன். பதில் வரவில்லை.

சாராள் ஞாயிறு காலை தன் புருஷனைக் கையோடு கூட்டிவருகிறேன் என்று ஊத்துக்கோட்டை பஸ்ஸில் புறப்பட்டுப் போனாள். செவ்வாய்க்கிழமை வந்துவிடுவேன் என்று சொன்னாள். இன்னும் வரவில்லை. பக்கத்து வீட்டு வைஜயந்திதான் எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்கிறாள்.

உன் மில் அரிசி புதன்கிழமைதோறும் கடைத்தெருவுக்கு வரும். நேற்று வரவில்லை.

இன்று வைஜயந்தியின் வீட்டுக்காரர் மெட்ராஸிலிருந்து வந்தார். கல்கத்தா ரோட்டில் போகும் பஸ்களை எளாவூரோடு திருப்பிவிடுகிறார்களாம். ஆரம்பாக்கம்வரை விடவில்லையாம். ஏன் என்று கேட்டேன். கண்டக்டருக்குத் தெரியவில்லை என்றார். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வைஜயந்தி உள்ளே போய்விட்டாள்.

இவை நான்கையும் இவர்கள் மனத்துக்குள் கூட்டிப் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரிகிறது. நான் கூட்ட மாட்டேன். தந்தி ஆபீஸ் தாமதம் ஓர் இனம். சாராள் தன் வீட்டில் இருந்துவிட்டது வேறோர் இனம். பாய்லர் ஆறுகிற வாரத்தில் அரிசி வராதது இயல்பு, அது இன்னோர் இனம். ரோட்டில் பஸ் நிற்பதற்கு ஆயிரம் காரணம் இருக்கும். பாலம் பழுதாயிருக்கலாம். எருது மிரண்டு வண்டி கவிழ்ந்திருக்கலாம். இவை ஒத்த உறுப்புகள் இல்லை. இவற்றைக் கூட்டி ஒரே விடை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. எனக்கும் இல்லை.

ஆகவே உன்னையே கேட்கிறேன். வால்வின் மேல் இப்போது ப எத்தனை, க எத்தனை? இரண்டையும் தனித்தனியாக எழுது. சேர்த்து எழுதாதே. தானியேலும் சாராளும் சௌக்கியமா என்றும் எழுது.

தந்தி வேண்டாம். வேறு யார் மூலமாகவும் சொல்லி அனுப்ப வேண்டாம். யாரும் நேரில் வந்து என் படுக்கை அருகில் உட்கார்ந்து சொல்லவும் வேண்டாம். உன் கையால் எழுதி, உன் கையெழுத்துப் போட்டு, தபாலில் பதில் அனுப்பு.

அரவிந்தவல்லி